சுவரோடு பேசிய என்லில்

கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில், எங்கள் கம்பெனியில் இருந்த தமிழர்கள் அத்தனை பேரும் ஒற்றுமையாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். என்லிலை யாருக்கும் பிடிக்காது. தீபாவளியை எந்தச் சனிக்கிழமை கொண்டாடுவது என்று சண்டை போட்டு ஒரு சங்கத்தையே இரண்டாக உடைத்த கூட்டம் நாங்கள். ஒரே காரில் ஆபீஸ் போகிறவர்கள்கூட இறங்கியதும் ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் புறம் பேசுவோம். ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் யாராவது “இந்த என்லில் இருக்கானே...” என்று ஆரம்பித்தால் போதும், மீதியை எல்லோரும் சேர்ந்து முடித்து வைப்போம். நானும்தான். நான் கொஞ்சம் அதிகமாகவே.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று பேட்ஜில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

1998-ல் நான் அங்கே சேர்ந்த முதல் நாள், சிஸ்டம் அட்மினிடம் போய் லாகின் வாங்கிக்கொள் என்றார்கள். ஜூலை மாதம். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே கம்ப்யூட்டர்களைக் குளிரவைத்திருக்கும் அறையில் ஒரு மனிதர் மங்கி குல்லாயும் முழுக்கை ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு நிற்கிறார். சத்தம் கேட்காமல் காதில் அடைத்துக்கொள்ளும் ஆரஞ்சு நிற ரப்பர்கள் இரண்டு கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்குகின்றன.

“பேரு?”

“கிருஷ்ணமூர்த்தி சார்.”

“இங்க எட்டு எழுத்துதான் பிடிக்கும். கிருஷ்ணம். போதும், போ.”

எங்கள் சிஸ்டத்தில் லாகின் பெயர் எட்டு ஆங்கில எழுத்தோடு நின்றுவிடும். மற்ற அட்மின்கள் அதை கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் ஆளையும் அப்படியே வெட்டிவிடுவார். மூன்று வருடம் நான் அவருக்கு கிருஷ்ணம்தான். என் மனைவி உமா ஒரு முறை ஆபீசுக்கு வந்தபோது, “உமா, மூணே எழுத்து. நல்ல பேரும்மா. இடத்தை அடைக்காது” என்று பாராட்டினார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது.

லாகின் கொடுத்ததும் என்னை ஆளுயரக் கறுப்புப் பெட்டி ஒன்றுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இவர்தான் என்லில். செருப்பை கழட்ட வேணாம். சத்தமா மட்டும் பேசாத.”

சர்வர்களுக்குப் பெயர் வைக்கிற உரிமை அந்தக் காலத்தில் அட்மினுடையது. ஒரு ஆபீஸில் கிரகங்களின் பெயர் இருக்கும், இன்னொன்றில் பழங்கள். கிரேக்கத் தெய்வங்களை எல்லாம் மற்ற கம்பெனிக்காரர்கள் எடுத்துத் தீர்த்துவிட்டதால் இவர் நேராக மெசொப்பொடேமியாவின் பழைய சுமேரியத் தெய்வங்களிடம் போய்விட்டார். லைப்ரரியில் கழித்துப்போட்ட தடிப் புத்தகம் ஒன்று அவர் மேஜையில் எப்போதும் இருக்கும். அதில் என்லிலைப் பற்றி வரும் பக்கங்கள் மட்டும் அழுக்கேறிக் கறுத்திருக்கும்.

“மேல இவரோட அப்பா ஆனுன்னு ஒருத்தர் இருக்கார். அவர் ரிட்டயர்டு மாதிரி. மரியாதை உண்டு, வேலை கிடையாது. கீழ எல்லாம் என்லில்தான். காத்து இவரு, புயல் இவரு. இவர் வாயில வந்துட்டா அப்பீலே கிடையாது. எவன் ராஜா, எந்த ஊர் அழியணும், எல்லா கையெழுத்தும் இவரோடது.”

“நம்ம இந்திரன் மாதிரியா சார்?”

“இந்திரனா? யோவ், இந்திரன் கண்டவன்கிட்ட எல்லாம் அடி வாங்கினவன்யா. இவர் மேல எவனாவது கை வச்சிருக்கானா?”

மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய பெட்டிக்கு ஆனு என்று பெயர். பழைய ஃபைல்களைப் போட்டு வைப்பதற்கு. அதை யாரும் தொடுவதில்லை. கறுப்புப் பெட்டிதான் எல்லாம். அதன் பெயர் ஒரே மாதத்தில் அவருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் மறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. அதற்கும் புத்தகத்திலிருந்து கதை வைத்திருந்தார். ஆதியில் சின்னத் தெய்வங்கள்தான் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தன. முதுகு ஒடிந்து ஒரு நாள் மண்வெட்டியைக் கொளுத்திவிட்டு வேலைநிறுத்தம் செய்துவிட்டன. உடனே பெரிய தெய்வங்கள் களிமண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்து, மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தன. எங்களை வேலைக்கு அமெரிக்கா கொண்டுவந்த எச்-ஒன் விசாவை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அப்புறம் மனிதர்கள் பெருகிப்போய் ஒரே இரைச்சல். என்லிலுக்குத் தூக்கம் கெட்டது. முதலில் நோயை அனுப்பினார். பிறகு பஞ்சம். அப்படியும் அடங்கவில்லை என்று வெள்ளத்தை அனுப்பி மொத்தமாக மூழ்கடித்தார்.

“ஏன்னா, சத்தம்!” என்று முடிப்பார். “நீங்க ஸ்பீக்கர் ஃபோன்ல கிரிக்கெட் ஸ்கோர் கேக்கறீங்க.”

ஸ்கோர் கேட்டது ரவி. எனக்கு எதிர் வரிசை. மதுரைக்காரன். மெதுவாகப் பேசுவது என்றால் என்ன என்று அவன் வீட்டில் சொல்லிக்கொடுக்கவில்லை.

“அத்தனை பேருமா செத்தாய்ங்க?” என்றான் ரவி.

“ஒருத்தன் தப்பிச்சான்.”

“எப்படி சார்?”

“அது உனக்கெதுக்கு? நீ எப்படியும் மூழ்கற கோஷ்டி.”

எங்களுக்கும் அவர் வரிசையாகவே அனுப்பினார். முதலில் நோய். நாங்கள் பிரிண்ட் கொடுத்தால் காகிதம் பக்கத்துக் கட்டடத்து பிரிண்டரில் போய் வரும். ரவியின் கல்யாணப் பத்திரிகை அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்டில் எண்பது பிரதி வந்து விழுந்தது. முன்பின் தெரியாத மூன்று வெள்ளைக்கார அம்மாக்கள் வாழ்த்துச் சொன்னார்கள். பிறகு பஞ்சம். எங்கள் வரிசைக்கு மட்டும் டிஸ்க் இடத்தைப் பாதியாகக் குறைத்தார். ஊரிலிருந்து வந்த தங்கச்சி குழந்தையின் போட்டோவை வைத்துக்கொள்ள இடமில்லாமல் ஒருத்தர் பச்சைப்பிள்ளையை டெலீட் பண்ணினார். கடைசியில் வெள்ளம். திங்கட்கிழமை காலையில் எங்கள் ஒவ்வொருத்தர் மெயில் பெட்டியிலும் “சத்தம்” என்ற ஒரே சொல்லோடு ஆயிரக்கணக்கான மெயில்கள். அழித்து முடிக்க மத்தியானம் ஆயிற்று. மேனேஜரிடம் புகார் செய்தோம். அவர் சிரித்தார். என்லில் இல்லாவிட்டால் அந்த ஆபீஸ் அரை நாள் ஓடாது என்பது அவருக்குத் தெரியும்.

இனி என் கதை. 2000-ம் ஆண்டு, ஆயுத பூஜை. என் கிரீன் கார்டுக்கான முதல் கட்டம் மாதக்கணக்கில் எங்கேயோ மாட்டிக்கொண்டு கிடந்தது. வக்கீலைக் கேட்டால் “வெயிட்” என்பார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வக்கீல். ஆயுத பூஜை அன்று நம் ஆயுதத்துக்கு ஒரு பொட்டு வைத்தால் என்ன என்று தோன்றியது. நான் சோறு சாப்பிடுகிற ஆயுதம் எது? கறுப்புப் பெட்டி. கோயில் விபூதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, என்லில் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். பெட்டியின் நெற்றி மாதிரி தெரிந்த இடத்தில் மூன்று விரலால் பட்டை இழுத்தேன். அந்த இடத்துக்குப் பின்னால்தான் காற்றை உள்ளே இழுக்கிற விசிறி என்று எனக்கு எப்படித் தெரியும்? விரலில் இருந்ததும் போயிற்று, பொட்டலத்தில் இருந்ததும் போயிற்று. இருமல் மாதிரி ஒரு சத்தம். பெட்டியில் எல்லா விளக்கும் அணைந்தது.

ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றது. கையில் தயிர்சாத டப்பாவோடு என்லில் ஓடி வந்தார். என் விரலைப் பார்த்தார்.

“விபூதியா? யோவ் கிருஷ்ணம்! சுமேரியாக்காரனுக்கு விபூதியாய்யா? அவர் கேக்கறது பீரும் ஆட்டுக்கறியும்யா! கொண்டாந்தியா?”

“சாரி சார். கிரீன் கார்டுக்காக...”

“இவர்கிட்ட வேண்டினவன் எவனும் உருப்பட்டதில்ல. வெளிய போ.”

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஒரு பக்க ரிப்போர்ட் எழுதி மேலே அனுப்பினார். காரணம் என்ற இடத்தில் “மதச் சாம்பல்” என்று ஆங்கிலத்தில் எழுதினார். எச்.ஆர். அம்மா என்னைக் கூப்பிட்டு, நீங்கள் யாரையாவது எரித்தீர்களா என்று பயந்துபோய்க் கேட்டார். மாட்டுச் சாணத்திலிருந்து செய்வது என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அந்த வருட மதிப்பீட்டில் என்னை மூன்று படி கீழே இறக்கினார்கள். “தேவையான கவனம் இல்லை.” ஒரு சிட்டிகை விபூதிக்கு. அன்றிலிருந்து அந்த ஆள் முகத்தில் நான் விழிப்பதில்லை. லிஃப்டில் அவர் ஏறினால் நான் படியில் போவேன். இவ்வளவுக்கும் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு துணித் தடுப்புதான். எனக்கு அடுத்த க்யூபிக்கிள் அவருடையது.

2001 பிறந்தது. ஆபீஸ் சமையலறையில் இலவச சோடா நின்றது. அடுத்த வாரம் கடலைப் பாக்கெட் நின்றது. அமெரிக்காவில் கம்பெனி சாகப்போவதை நெஞ்சில் கை வைத்துப் பார்க்க வேண்டாம், ஃப்ரிட்ஜைத் திறந்தால் தெரிந்துவிடும். உமாவுக்கு அப்போது ஏழாவது மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரி. எல்லாம் என் வேலையோடு வந்த இன்ஷூரன்ஸில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரான பிளஸன்டனில் ஒரு சின்னக் கம்பெனி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர். கொட்டாவி வருகிற வேலை. அங்கே போனால் கிரீன் கார்டு வரிசையில் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். அதுவரை காத்திருந்ததெல்லாம் வீண். மாட்டேன் என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன். திங்கட்கிழமை மத்தியானம் அந்த மெயிலைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. தமிழில்.

“சுவரே! ஏ சுவரே! கேட்டுக்கோ.”

எழுந்து எட்டிப் பார்த்தேன். என்லில் நாற்காலியைத் தடுப்புப் பக்கம் திருப்பி வைத்து, துணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்ன சார்?”

“உன்கிட்ட பேசல. சுவத்துகிட்ட பேசறேன். உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“சுவரே, அந்த பிளஸன்டன் வேலைய ஒத்துக்கோ சுவரே. வர்ற வியாழக்கிழமைக்குள்ள விசா பேப்பரை ஃபைல் பண்ணச் சொல்லு. அடுத்த திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு வெள்ளம். கிரீன் கார்டு போனா போவுது சுவரே. உன் பொண்டாட்டி மாசமா இருக்கா. இன்ஷூரன்ஸ் இல்லாம ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்காத.”

சுவருக்குப் பொண்டாட்டி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அட்மின் நினைத்தால் எங்கள் மெயில் எல்லாவற்றையும் படிக்கலாம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ரவி அந்தப் பக்கம் காபியோடு போனான். நின்று பார்த்தான்.

“யார்ட்டடா பேசுறாரு?”

“சுவத்துகிட்ட.”

“முத்திப்போச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் மெயிலை அனுப்பாமல் நிறுத்தினேன். ஏனென்றால் ஒரு விஷயம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆட்களை நிறுத்துவதற்கு முன்னால் கம்பெனி ஒரே ஒரு ஆளிடம்தான் பட்டியலைக் கொடுக்கும். வேலை போகிறவன் அறைக்குள் போய்ச் செய்தி கேட்கிற அதே நிமிடத்தில் அவன் லாகினை வெட்ட வேண்டும். வெட்டுகிறவன் அட்மின். யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் பட்டியல் கைக்கு வரும்.

நானும் தடுப்பைப் பார்த்துக் கேட்டேன். “சுவர் ஏன் அந்த லிஸ்ட்ல இருக்கு?”



“மதச் சாம்பல்னு ஒருத்தன் ரிப்போர்ட் எழுதினான் சுவரே. மார்க்கு குறைஞ்சவன் எல்லாம் லிஸ்ட்ல. அவன் இப்படி ஆகும்னு நெனச்சு எழுதல.”

“மத்த சுவரெல்லாம்?”

“மத்தவங்க லிஸ்ட்ல வந்ததுக்கு நான் காரணமில்ல. இது ஒண்ணுக்குத்தான் நான்.”

மாட்டேன் என்று எழுதியிருந்த மெயிலை அழித்தேன். சரி என்று எழுதினேன். அந்தக் காலத்தில் வேலை போன அன்றே விசாவும் போன மாதிரிதான். புதுக் கம்பெனி நம் பெயரில் மனுப் போட்டால் தப்பிக்கலாம், ஆனால் மனுப் போடுகிற அன்று பழைய வேலை கையில் இருக்க வேண்டும். பிளஸன்டன்காரர்களைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வியாழக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மனு போய்ச் சேர்ந்தது.

ரவியிடம் நான் சொல்லவில்லை. அவனும் பட்டியலில் இருப்பான் என்று எனக்கு சந்தேகம் இருந்தது. சொன்னால் அவன் குரலுக்கு அரை மணியில் ஆபீஸ் முழுக்கத் தெரியும், என்லில் மாட்டுவார், கம்பெனி முந்திக்கொண்டால் என் மனுவும் போகும். இதெல்லாம் காரணம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். பயம். வேறு ஒன்றும் இல்லை. ரவியும் அவன் மனைவியும் அடுத்த மாதமே மூட்டை கட்டி மதுரை போனார்கள். அந்தக் கல்யாணத்துக்கு நான் மாலை எடுத்துக்கொடுத்தவன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எங்களைப் பெரிய அறைக்குள் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. திரும்பி வந்தால் யாருக்கும் லாகின் இல்லை. ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். என் பெட்டியில் போட ஒன்றும் இல்லை. முட்டாள்தனமாக வெள்ளிக்கிழமையே பிள்ளையார், காபிக் கோப்பை, உமா போட்டோ எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். எச்.ஆர். அம்மா வெறும் மேஜையைப் பார்த்தார்.

“உங்களிடம் யாராவது முன்னாலேயே பேசினார்களா?”

“இல்லை,” என்றேன். யாரும் என்னிடம் பேசவில்லை. என்லிலிடமும் கேட்டிருக்கிறார்கள். எந்த ஊழியரிடமும் பேசவில்லை என்று அவரும் சொல்லியிருக்கிறார்.

கார் நிறுத்துமிடத்தில்தான் அசிங்கம் நடந்தது. பெட்டியும் கையுமாக நின்ற எங்கள் ஆட்கள், என்லில் வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள்.

“பொண்டாட்டிக்கு ஒரு மெயில் அனுப்பக்கூட விடலையேய்யா!”

“நம்மாளுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணுச்சா உனக்கு?”

“துரோகி! நல்லா இருப்பியா நீ?” இது ரவி.

அவர் மங்கி குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “சத்தம் போடாதீங்க. செக்யூரிட்டி வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார். அவ்வளவுதான். நான் என் காரில் சாய்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். பேசினால் அவருக்கு ஆபத்து என்பது உண்மை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குச் சுலபமாகவும் இருந்தது.

மூன்று வாரத்தில் கம்பெனி சர்வர்களைப் பராமரிக்கிற வேலையையே வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டது. ஒரு காலையில் என்லில் வந்து உட்கார்ந்தார், அவர் லாகின் வேலை செய்யவில்லை. அவரிடம் எந்தச் சுவரும் சொல்லவில்லை. செய்தி கேட்டு அவர் அபார்ட்மென்டுக்குப் போனேன். பதினோரு வருடம் இருந்த நாட்டைவிட்டு இரண்டு சூட்கேஸோடு புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் நின்றபடியே பேசினோம்.

“ஏன் சார் சுவத்துகிட்ட பேசினீங்க?”

“மனுஷன்கிட்ட சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேனே. புத்தகத்துலயே வழி இருக்குய்யா. வெள்ளம் வருதுன்னு ஒருத்தன்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எல்லா தெய்வமும் சத்தியம் பண்ணிச்சு. தண்ணிக்குன்னு ஒரு தெய்வம் இருக்கார். அவர் ஒருத்தன் குடிசைக்குப் போயி நாணல் சுவத்துகிட்ட பேசினாரு. உள்ள இருந்தவன் கேட்டுகிட்டான். படகு கட்டினான்.”

“அப்ப நீங்க என்லில் இல்ல சார். தண்ணி தெய்வம்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை கோபமாக நான் அவரை விபூதி அன்றுகூடப் பார்க்கவில்லை.

“பேரை மாத்தாதய்யா! நாப்பத்தேழு லாகின். ஒண்ணொண்ணா நான்தான் டைப் அடிச்சேன். ரவிது பதிமூணாவது. வெள்ளம் அனுப்பினவன் நான்தான். ஒரு சுவத்துகிட்ட பேசிட்டா அது இல்லன்னு ஆயிடுமா?”

நன்றி என்று ஆரம்பித்தேன். “போய் உமாவை கவனி” என்று கதவைத் திறந்துவிட்டார். ஐந்து வாரம் கழித்து, உமாவின் வயிற்றை அவசரமாகக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். இரண்டு உயிரும் பிழைத்தன. அன்று வாசலில் அவர் எழுதிக்கொடுத்த ஊர் நம்பருக்கு ஃபோன் செய்தேன். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார்கள்.

இப்போது நாங்கள் டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். அந்தக் கம்பெனி மண்ணோடு போய்விட்டது, எந்தக் கையெழுத்தும் யாரையும் கட்டாது. அதனால் எழுதுகிறேன். பழைய சான்டா கிளாரா ஆட்கள் இங்கேயும் சில பேர் இருக்கிறார்கள். வாரக் கடைசியில் யார் வீட்டிலாவது சாப்பாடு என்றால், பேச்சு 2001-க்கு வந்துவிடும். ஒருத்தர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என்லில் மாதிரி நடித்துக் காட்டுவார். “நம்மாளுங்க கழுத்தையே அறுத்தான் துரோகி” என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இதுவரை மூன்று வீட்டில் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். இரண்டாவது வீட்டில் எனக்கு முன்னால் உமா எழுந்துவிட்டாள்.